பாக்கெட்டில் ஜோன் இல்லை

நெட்வொர்க்கில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் ஃபயர்வாலில் விதி எழுதியாகிவிட்டது. அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி, போர்ட் (சேவையைக் குறிக்கும் எண்) எல்லாம் சரி. ஆனாலும் சர்வர் திறக்கவில்லை. ஃபயர்வாலின் பதிவேடான லாகைப் பார்த்தால் நாம் எழுதிய விதியின் பெயரே அதில் இல்லை. பட்டியலின் அடியில் இருக்கும் பொதுத் தடை விதியில் போய் விழுந்திருக்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் விதியையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். அப்புறம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துகிறார்கள். முகவரியில் 'எனி' (எதுவாக இருந்தாலும் சரி), போர்ட்டில் 'எனி', கடைசியில் ஜோனிலும் 'எனி'. உடனே வேலை செய்துவிடும். ஏன் செய்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த விதி மட்டும் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும், திறந்த வாசலாக.

ஃபயர்வால் தன் இன்டர்ஃபேஸ்களை (நெட்வொர்க்குகள் வந்து இணையும் வாசல்களை) 'உள்', 'வெளி' என்று பிரித்து வைக்கும் குழுக்கள்தான் ஜோன்கள். இந்தச் சிக்கலில் நான் முதலில் சந்தேகப்படுவது ஜோனைத்தான். காரணம் எளிது. விதியில் நாம் எழுதும் முகவரிகளும் போர்ட் எண்ணும் பாக்கெட்டுக்குள்ளேயே, அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுக்குள்ளேயே, இருக்கின்றன. பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். ஜோன் அப்படி இல்லை. அது பாக்கெட்டில் எங்கேயும் எழுதப்பட்டிருப்பதில்லை. பாக்கெட் வந்து சேர்ந்த பிறகு ஃபயர்வால் தானே கணக்குப் போட்டு முடிவு செய்வது. தபால் உறையில் முகவரிதான் இருக்கும், அது எந்தப் பையில் போக வேண்டும் என்பதைப் பிரிப்பவர்தான் முடிவு செய்வார் என்பது போல. அந்த முடிவு நாம் நினைத்த மாதிரி இல்லையென்றால், விதியில் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

கணக்கு எப்படி நடக்கிறது? புறப்பட்ட ஜோன் என்பது பாக்கெட் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக உள்ளே நுழைந்ததோ அந்த இன்டர்ஃபேஸின் ஜோன். ஒரே இணைப்பை விலேன் என்ற தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரித்திருந்தால் அந்த விலேனுக்கான துணை இன்டர்ஃபேஸின் ஜோன். இதில் குழப்பம் குறைவு. சேரும் ஜோன்தான் நுட்பமானது. பெறுபவர் முகவரியை எடுத்துக்கொண்டு ஃபயர்வால், எந்த முகவரிக்கு எந்த வழி என்று எழுதிய தன் ரூட்டிங் அட்டவணையில் தேடும். எந்த இன்டர்ஃபேஸ் வழியாக வெளியே அனுப்ப வேண்டும் என்று விடை வரும். அந்த இன்டர்ஃபேஸ் எந்த ஜோனில் இருக்கிறதோ அதுவே சேரும் ஜோன். ஆக, ஜோன் சம்பந்தப்பட்ட கேள்விகளில் பெரும்பகுதி உண்மையில் ரூட்டிங் கேள்விகள். பாதுகாப்பு விதிகள் ஒரு குழுவிடமும் ரூட்டிங் இன்னொரு குழுவிடமும் இருக்கும் நிறுவனங்களில் இந்தச் சிக்கல் நாள் கணக்கில் இழுப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு உதாரணம். தலைமை அலுவலகத்திலிருந்து கிளைக்கு விபிஎன் டனல், அதாவது இணையத்தின் வழியே போகும் மறையாக்கப்பட்ட பாதை, இருக்கிறது. கிளையில் 10.40.0.0/16 என்ற முகவரித் தொகுதி ஓடுகிறது, அதற்கு டனல் வழியாக ரூட் உண்டு, 'உள் ஜோனிலிருந்து விபிஎன் ஜோனுக்கு அனுமதி' என்ற விதியும் உண்டு. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கிளையில் புதிதாக 10.50.8.0/24 என்று ஒரு பகுதி சேர்க்கிறார்கள். விதியில் அந்த முகவரியையும் சேர்த்தாயிற்று, ஆனால் ரூட் சேர்க்கவில்லை. இப்போது 10.50.8.20க்கு ஒரு பாக்கெட் போனால் ஃபயர்வால் அட்டவணையில் தேடும், பொருத்தமான வழி இல்லை, எனவே 0.0.0.0/0 என்ற பொது வழியைப் பிடிக்கும். அது இணையத்தை நோக்கிய இன்டர்ஃபேஸ். ஆகவே சேரும் ஜோன் 'விபிஎன்' அல்ல, 'வெளி'. நாம் எழுதிய விதி பொருந்தவே போவதில்லை.

இதைவிட மோசமான ஒன்று அடுத்து நடக்கும். பல இடங்களில் 'உள் ஜோனிலிருந்து வெளி ஜோனுக்கு எல்லாம் அனுமதி' என்று ஊழியர்களின் இணைய வசதிக்காக ஒரு விதி இருக்கும். இந்தப் பாக்கெட் அதில் பொருந்திவிடும். லாகில் பச்சையாக 'அனுமதி' என்றே வரும். உடனே ஃபயர்வால் குழு, 'எங்கள் பக்கம் சரி, கிளையில் பாருங்கள்' என்று சொல்லிவிடும். கிளையில் தேடினால் பாக்கெட்டே வந்து சேர்ந்திருக்காது. அந்த லாக் வரியையே முழுதாகப் படித்திருந்தால் விடை அங்கேயே இருந்திருக்கும். விதியின் பெயர் வேறு. சேரும் ஜோன் 'வெளி'. வெளியேறிய இன்டர்ஃபேஸ் டனல் அல்ல. திரும்பி வந்த பைட்டுகள் பூஜ்யம். பாலோ ஆல்டோ நிறுவனத்தின் ஃபயர்வாலாக இருந்தால் அப்ளிகேஷன் பத்தியில் 'இன்கம்ப்ளீட்' என்றும், முடிந்த காரணம் 'ஏஜ்டு அவுட்' என்றும் இருக்கும். அதாவது இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலே முடியவில்லை, பதில் வராமல் நேரம் கடந்து செஷன் (அந்த இணைப்புக்கு ஃபயர்வால் வைத்திருந்த பதிவு) தானாக மூடப்பட்டது. 'அனுமதி' என்ற சொல்லுக்கு ஃபயர்வால் தடுக்கவில்லை என்பது மட்டுமே பொருள். போய்ச் சேர்ந்தது என்று பொருள் இல்லை.

இதில் பாதுகாப்புக் கோணமும் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. டனலுக்குள் மறையாக்கம் செய்யப்பட்டுப் போக வேண்டிய தரவு, மறையாக்கம் இல்லாமல் இணையச் சேவை நிறுவனத்தின் பக்கம் வெளியேறியிருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் அதைக் கீழே போட்டுவிடுவார்கள், ஆனால் வெளியேறியது வெளியேறியதுதான். இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய தனியார், அதாவது உள் பயன்பாட்டுக்கு மட்டுமான, முகவரிகளை நோக்கி வெளி ஜோனுக்குப் போகும் எதையும் தடுத்து லாக் எழுதும் விதி ஒன்றை, இணைய அனுமதி விதிக்கு மேலே வைத்துவிடலாம். ரூட் விட்டுப்போனால் அது பொய்யான 'அனுமதி'யாகத் தெரியாமல் தெளிவான தடையாக, சரியான பெயரோடு லாகில் வந்து நிற்கும். நான் பார்த்த விதிப் பட்டியல்களில் இருக்க வேண்டியும் இல்லாத விதி எதுவென்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்து, பாக்கெட்டின் முகவரியை ஃபயர்வால் மாற்றி அனுப்பும் முகவரி மாற்றம், அதாவது நேட். எனக்குத் தெரிந்து ஜோன் பொருத்தத்தில் அதிகம் பேரைத் தடுமாற வைப்பது இதுதான்.

இணையத்திலிருந்து 203.0.113.10 என்ற பொது முகவரிக்கு வருபவர்களை, சர்வர் ஜோனில் இருக்கும் 10.10.20.15க்குத் திருப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாலோ ஆல்டோவில் இதற்கு இரண்டு விதிகள் தேவை. நேட் விதியில் 'வெளி ஜோனிலிருந்து வெளி ஜோனுக்கு' என்று எழுத வேண்டும். பார்க்கவே வினோதமாக இருக்கும். ஆனால் நேட் தேடும் நேரத்தில் பாக்கெட்டில் இருப்பது பொது முகவரி. அந்த முகவரிக்கான வழி வெளி இன்டர்ஃபேஸில்தான் இருக்கிறது. எனவே சேரும் ஜோன் வெளிதான். பாதுகாப்பு விதியில் 'வெளி ஜோனிலிருந்து சர்வர் ஜோனுக்கு' என்று எழுத வேண்டும், ஆனால் பெறுபவர் முகவரியாக 203.0.113.10ஐயே போட வேண்டும். அதாவது விதியில் எழுதும் ஜோன், நேட்டுக்குப் பிந்தையது; எழுதும் முகவரி, நேட்டுக்கு முந்தையது. போர்ட்டும் அப்படித்தான்: வெளியே 8443 என்று வந்து உள்ளே 443 ஆக மாறுகிறதென்றால், பாதுகாப்பு விதியில் 8443தான் இருக்க வேண்டும்.

மனப்பாடம் செய்தால் மறந்துவிடும். காரணம் தெரிந்தால் மறக்காது. ஃபயர்வால் புதிய செஷனின் முதல் பாக்கெட்டை எடுத்து ஒரு முறை ரூட் தேடுகிறது. பிறகு நேட் விதிகளைப் பார்க்கிறது. பெறுபவர் முகவரி மாறப்போகிறது என்று தெரிந்தால், மாறிய முகவரிக்கு மறுபடியும் ஒரு முறை ரூட் தேடி, உண்மையான சேரும் ஜோனைக் கண்டுபிடிக்கிறது. அதன் பிறகு பாதுகாப்பு விதிகளை ஒப்பிடுகிறது. ஆனால் பாக்கெட்டில் முகவரியை உண்மையிலேயே மாற்றி எழுதுவது கடைசியில், வெளியே அனுப்பும்போதுதான். விதி ஒப்பிடப்படும் நேரத்தில் பாக்கெட்டில் பழைய முகவரி இருக்கிறது, ஆனால் எங்கே போகப்போகிறது என்பது தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கலவை.

ஃபயர்வால் தயாரிக்கும் எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்வதில்லை. ஒரு நிறுவனத்தின் கருவியில் பழகியவர் இன்னொன்றுக்கு மாறும்போது தடுமாறுவது இங்கேதான். ஜூனிப்பரின் எஸ்ஆர்எக்ஸ், பெறுபவர் முகவரியை மாற்றிய பிறகுதான் விதியைப் பார்க்கிறது, அங்கே 10.10.20.15 என்று எழுத வேண்டும். லினக்ஸிலும் அப்படியே: ரூட் தேடுவதற்கு முந்தைய ப்ரீரவுட்டிங் கட்டத்திலேயே முகவரி மாறிவிடும், விதிகளை ஒப்பிடும் ஃபார்வர்ட் கட்டம் பார்ப்பது மாறிய முகவரியை. சிஸ்கோ ஏஎஸ்ஏ நடுவில் மனதை மாற்றிக்கொண்டது. 8.3 பதிப்புக்கு முன்பு வெளி இன்டர்ஃபேஸின் அணுகல் பட்டியலில் பொது முகவரியை எழுதினார்கள், 8.3லிருந்து சர்வரின் உண்மையான முகவரியை எழுத வேண்டும். ஃபோர்டிகேட்டில் பொது முகவரியையும் உள் முகவரியையும் இணைக்கும் விஐபி என்ற பொருளை உருவாக்கி, அதையே விதியில் பெறுபவராக வைக்கிறோம். அங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: பழைய பதிப்புகளில் 'பெறுபவர் எல்லோரும்' என்று எழுதிய தடை விதி, விஐபிக்கு வரும் போக்குவரத்தைத் தானாகப் பிடிக்காது. அதற்கென ஒரு அமைப்பை இயக்க வேண்டும். ஒரு நாட்டின் முகவரிகளைத் தடுத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் இடத்தில், விஐபி வழியாக அவர்கள் தாராளமாக வந்துகொண்டிருப்பார்கள்.

உள்ளே இருப்பவர்களே பொது முகவரியைப் பயன்படுத்தும்போது இன்னொரு சுற்று. அலுவலகக் கணினியிலிருந்து 203.0.113.10ஐத் திறக்கிறார்கள். புறப்பட்ட ஜோன் 'உள்'. 'வெளியிலிருந்து வெளிக்கு' என்று எழுதிய நேட் விதி இவர்களுக்குப் பொருந்தாது. 'உள்ளிலிருந்து வெளிக்கு' என்று தனி நேட் விதி வேண்டும், 'உள்ளிலிருந்து சர்வர் ஜோனுக்கு' என்று பாதுகாப்பு விதி வேண்டும். சர்வரும் அந்தக் கணினியும் ஒரே நெட்வொர்க் பகுதியில் இருந்தால் இதுவும் போதாது. சர்வர் தன் பதிலை ஃபயர்வாலுக்கு அனுப்பாமல் நேரடியாகக் கணினிக்கே அனுப்பும். 203.0.113.10இடமிருந்து பதிலை எதிர்பார்க்கும் கணினி, 10.10.20.15இடமிருந்து வருவதை ஏற்காது. அனுப்புபவர் முகவரியையும் மாற்றினால்தான் பதில் ஃபயர்வால் வழியாகத் திரும்பும். என்னைக் கேட்டால், இந்தச் சுற்றைவிட பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் உள் டிஎன்எஸில் சர்வரின் பெயருக்கு உள் முகவரியைக் கொடுத்துவிடுவதே நல்லது.

ஒரே ஜோனுக்குள் நடக்கும் போக்குவரத்து தனிக் கதை. பாலோ ஆல்டோவில் பட்டியலின் அடியில் இரண்டு இயல்பு விதிகள் இருக்கும். ஒரே ஜோனுக்குள் என்றால் அனுமதி. வெவ்வேறு ஜோன்களுக்கு இடையே என்றால் தடை. இரண்டும் இயல்பாக லாக் எழுதுவதில்லை. ஃபோர்டிகேட்டில் ஜோன் உருவாக்கினால் அதே ஜோனுக்குள் இருக்கும் இன்டர்ஃபேஸ்களுக்கு இடையே இயல்பாகத் தடை. எஸ்ஆர்எக்ஸிலும் ஒரே ஜோனாக இருந்தாலும் விதி வேண்டும். ஒரு நிறுவனத்தின் கருவியிலிருந்து இன்னொன்றுக்கு விதிகளை அப்படியே பெயர்த்து எழுதும்போது, இந்த எழுதப்படாத விதிகள் பெயர்ந்து வருவதில்லை.

பாலோ ஆல்டோவில் லாக் வரவில்லையே என்று ஒருவர் பட்டியலின் கடைசியில் 'எல்லாவற்றையும் தடு, லாக் எழுது' என்று ஒரு விதி சேர்க்கிறார். நல்ல நோக்கம்தான். ஆனால் அது ஒரே ஜோனுக்குள் இருக்கும் போக்குவரத்தையும் பிடித்துவிடும். உள் ஜோனில் இருந்த இரண்டு மாடிகளின் கணினிகள் பேசிக்கொள்ளாது. ஃபயர்வாலின் சொந்த வெளி முகவரிக்கு வரும் விபிஎன் இணைப்புகள், அடுத்த ரவுட்டரோடு வழித் தகவல்களைப் பரிமாறும் பிஜிபி, இவையும் 'வெளியிலிருந்து வெளிக்கு' என்ற கணக்கில்தான் வருகின்றன, அவையும் விழும். சரியான வழி, இயல்பு விதிகளையே மேலெழுதி அவற்றில் லாகை இயக்குவது. அதையும் விதி எழுதத் தொடங்கும் முதல் நாளே செய்துவிட வேண்டும். லாக் இல்லாமல் ஜோன் சிக்கலைத் தேடுவது வீண் வேலை. இதே விஷயத்துக்கு மறுபக்கமும் உண்டு: எதையும் மாற்றாமல் விட்டால், இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் ஃபயர்வாலின் வெளி முகவரியில் திறந்திருக்கும் விபிஎன் நுழைவுப் பக்கத்தைத் தட்டலாம். எந்த விதியும் அதைத் தடுக்காது, லாகும் இருக்காது. வெளியிலிருந்து வெளிக்கு என்று தனி விதிகளை வெளிப்படையாக எழுதிவிட்டு மிச்சத்தைத் தடுப்பது அவசியம்.

போன வழியும் திரும்பும் வழியும் வேறாக இருந்தால் விதிகளுக்கு அங்கே வேலையே இல்லை. முதல் பாக்கெட் வேறு பாதையில் போய், பதில் மட்டும் இந்த ஃபயர்வாலுக்கு வந்தால், செஷன் இல்லாத பதிலாக அது கீழே போடப்படும். எத்தனை அகலமான விதி எழுதினாலும் மாறாது. இரண்டு இணைய இணைப்புகளை இரண்டு தனி ஜோன்களில் வைத்திருப்பவர்களுக்கு இதன் இன்னொரு வடிவம் வரும். ஒரு ஜோனில் தொடங்கிய செஷனின் பதில் இன்னொரு ஜோனின் இன்டர்ஃபேஸில் வந்து சேர்ந்தால் ஃபயர்வால் அதை ஏற்காது. இரண்டையும் ஒரே ஜோனில் வைப்பது பல இடங்களில் போதுமான தீர்வு.

லினக்ஸில் ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கும் ஜோன் சிக்கல் உண்டு, அதன் உருவம் வேறு. அங்கே ஒரு பாக்கெட் எந்த ஜோன் என்பதை முதலில் அனுப்புபவர் முகவரியை வைத்துப் பார்க்கும். அதில் பொருந்தவில்லையென்றால்தான் இன்டர்ஃபேஸ். அதுவும் இல்லையென்றால் இயல்பு ஜோன், வழக்கமாக 'பப்ளிக்'. யாரோ எப்போதோ 192.168.10.0/24ஐ 'இன்டர்னல்' ஜோனோடு இணைத்திருப்பார்கள். இன்று நீங்கள் பப்ளிக் ஜோனில் 8080ஐத் திறக்கிறீர்கள். மற்ற எல்லா இடங்களிலிருந்தும் திறக்கிறது, அந்த ஒரு பகுதியிலிருந்து மட்டும் திறக்கவில்லை. அவர்கள் பப்ளிக் ஜோனுக்குள் வருவதே இல்லை. இன்டர்னல் ஜோனில் 8080 இல்லை. செயலில் உள்ள ஜோன்களைப் பட்டியலிடும் கட்டளையை ஒரு முறை ஓட்டினால் இது தெரிந்துவிடும். மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. கன்டெய்னருக்காக வெளியிட்ட போர்ட்டுக்கு வரும் பாக்கெட், முகவரி மாறி ஃபார்வர்ட் பாதையில் போய்விடும்; பப்ளிக் ஜோனில் அந்தப் போர்ட்டைத் திறக்காமல் விட்டாலும் அது வெளியே திறந்தே இருக்கும்.

இவ்வளவையும் எந்த வரிசையில் சோதிப்பது? முதலில் பிரச்சினை சொல்பவரிடமிருந்து துல்லியமான அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி, போர்ட், நேரம் ஆகியவற்றை வாங்க வேண்டும். 'ஆப் ஓடவில்லை' என்பது போதாது. பிறகு பாக்கெட் ஃபயர்வாலுக்கு வருகிறதா, எந்த இன்டர்ஃபேஸில் வருகிறது என்பதை பாக்கெட் பிடிப்பில் பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் விதியைத் திறக்கவே வேண்டாம். வருகிறதென்றால், பெறுபவர் முகவரிக்கு ரூட் என்ன சொல்கிறது, எந்த நேட் விதி பொருந்துகிறது, மாறிய முகவரிக்கு ரூட் என்ன சொல்கிறது என்று பார்த்தால், புறப்பட்ட ஜோனும் சேரும் ஜோனும் காகிதத்தில் எழுதிவிடும் அளவுக்குத் தெளிவாகிவிடும். விதிப் பட்டியலைத் திறக்க வேண்டியது அதற்குப் பிறகுதான்.

விதியைச் சோதிக்கும் கருவிகள் பல ஃபயர்வால்களில் இருக்கின்றன. ஆனால் அவை ஒரே மாதிரி அல்ல. ஏஎஸ்ஏவின் பாக்கெட் ட்ரேசர், உள்ளே வரும் இன்டர்ஃபேஸை மட்டும் கேட்டுக்கொண்டு ரூட், நேட், அணுகல் பட்டியல் என்று ஒவ்வொரு கட்டத்தையும் தானே ஓட்டிக் காட்டும். பாலோ ஆல்டோவின் விதிப் பொருத்தச் சோதனையில் ஜோன்களை நாமே கொடுக்கலாம். கொடுத்ததை அது அப்படியே நம்பும். 'உள்ளிலிருந்து விபிஎன்னுக்கு' என்று நாம் கொடுத்தால், 'ஆம், உங்கள் விதி பொருந்துகிறது' என்றுதான் சொல்லும். உண்மையான பாக்கெட் 'வெளி'க்குப் போய்க்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. நம் தவறான ஊகத்துக்கே அது சான்றிதழ் கொடுத்துவிடும். அதனால் ரூட் சோதனை முதலில், விதிச் சோதனை பிறகு.

ஜோன், முகவரி, போர்ட் மூன்றும் சரியாக இருந்தும் பொருந்தவில்லையென்றால், பாலோ ஆல்டோவில் போக்குவரத்து எந்த வகை என்று காட்டும் அப்ளிகேஷன் பத்தியைப் பார்க்கலாம். முதல் பாக்கெட்டில் அது எந்த அப்ளிகேஷன் என்று தெரியாது. அடையாளம் தெரிந்த பிறகு ஃபயர்வால் விதிகளை மறுபடி ஒப்பிடும். அதனால் தொடக்கத்தில் அனுமதித்துவிட்டு நடுவில் வெட்டுவது நடக்கும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சை 2222 போர்ட்டில் ஓட்டிவிட்டு, விதியில் 'அப்ளிகேஷனின் இயல்பு போர்ட் மட்டும்' என்று வைத்திருந்தால் பொருந்தாது. அதன் இயல்பு போர்ட் 22.

சரிசெய்த பிறகு சோதிக்கும்போது, பழைய இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஜோனும் நேட்டும் முடிவாவது முதல் பாக்கெட்டில். அதற்குப் பிறகு வருபவை செஷன் அட்டவணையில் எழுதியதையே பின்பற்றும். நிறுத்தாமல் ஓடும் பிங், தன் சர்வரோடு இடைவிடாமல் பேசும் சிப் (இணையவழித்) தொலைபேசி போன்றவை பழைய செஷனை உயிரோடு வைத்திருக்கும்; ரூட்டைச் சரிசெய்த பிறகும் இன்னும் பழுதாகவே தோன்றும். அந்தச் செஷனை மட்டும் தேடி நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். ஃபயர்வால்டியில் சாதாரண ரீலோட் இந்தச் செஷன்களைக் கலைக்காது. முழு ரீலோட் கலைத்துவிடும், அதோடு ஓடிக்கொண்டிருக்கும் மற்றவர்களின் இணைப்புகளும் அறுந்துபோக வாய்ப்புண்டு. தடுக்கும் விதி எழுதும்போதும் இதேதான். தடுத்தாயிற்று என்று நினைத்த ஒருவரின் பழைய செஷன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், எனவே விதி சேர்த்ததும் அந்த முகவரிக்கான செஷன்களைப் பட்டியலிட்டுப் பார்த்துவிட வேண்டும்.